அப்பாவின் தமிழ்த் தட்டச்சுப் பொறி: மகளுக்கு எந்த விசைப்பலகையைக் கற்றுக்கொடுப்பது?

பரண்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா கும்பகோணத்தில் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு மேசையும் முக்காலியும் போட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜாப் டைப்பிங் செய்தவர். மனு, பிரமாணப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் என்று எது வந்தாலும், வந்தவர் எதிரே நின்று சொல்லச் சொல்ல அடித்துக் கொடுப்பார். அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் இருந்த அவருடைய தமிழ் ரெமிங்டன் பொறியைக் கீழே இறக்கினோம். உறையின் உள்ளே ஒரு பழைய ரிப்பன் சுருளும், கார்பன் தாள்களும், அவர் கடைசியாக அடித்து முடிக்காமல் விட்ட ஒரு பக்கமும் இருந்தன.

என் மகள் இந்த ஆண்டு இளங்கலைத் தமிழில் சேர்ந்திருக்கிறாள். கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்ளும் பழக்கம்தான் அவளுக்கு உண்டு. பொறியைப் பார்த்ததும், "இதில் கற்றுக்கொண்டால் என்ன?" என்று கேட்டாள். எனக்கும் ஆசைதான். ஆனாலும் நாளைக்கு அவள் கணினியில் எழுத வேண்டியவள். பழைய தட்டச்சு முறையை விரலில் ஏற்றிக்கொண்டுவிட்டால் பிறகு மாற்றுவது கடினம் என்கிறார்கள். கணினிக்கென்று வந்த தமிழ் 99 விசைப்பலகையைக் கற்றுக்கொடுக்கலாமா, தாத்தாவின் முறையையே கற்றுக்கொடுக்கலாமா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விசையைத் தட்டினால் எழுத்து மேலே வந்து தாளில் படுகிறது. ஆனால் தாளைத் தாங்கி நகர வேண்டிய கேரேஜ் நகரவில்லை. எல்லா எழுத்துகளும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே இடத்தில் விழுகின்றன. பழுது பார்ப்பவர் எங்கள் ஊரில் இப்போது எவரும் இல்லை.

எண்ணெய்க்குப்பி எழுதியது:

பழுதைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன். கேரேஜை இடப்பக்கமாக இழுப்பது, பொறியின் பின்னால் ஓர் உருளைக்குள் சுருட்டி வைத்திருக்கும் சுருள்வில். அந்த உருளையையும் கேரேஜின் முனையையும் இணைக்கும் ஒரு நாடா உண்டு. பரணில் பல ஆண்டுகள் கிடந்த பொறியில் அந்த நாடா இற்றுப் போயிருக்கும், அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கும். கேரேஜைக் கையால் இடப்பக்கம் மெல்லத் தள்ளியபடியே ஒரு விசையைத் தட்டிப் பாருங்கள். அப்போது ஓர் எழுத்து இடம் மட்டும் நகர்ந்து நின்றால், மற்ற பாகங்கள் நன்றாக இருக்கின்றன, நாடாதான் போயிருக்கிறது என்று பொருள். நல்ல மீன்பிடி நரம்பு அல்லது தடித்த தையல் நூல் போதும். ஆனால் வில்லைச் சில சுற்றுகள் முறுக்கிப் பிடித்துக்கொண்டே கட்ட வேண்டும். நடுவில் கையை விட்டுவிட்டால் வில் அவிழ்ந்து விரலையும் பதம் பார்த்துவிடும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். எழுத்துக்கோல்கள் எல்லாம் விசிறி போல் வந்து சேரும் அரைவட்டப் பள்ளத்தில் எண்ணெய் விடாதீர்கள். என்னிடம் வந்த பொறிகளில் பாதி, வீட்டுக்காரர் அன்போடு தேங்காயெண்ணெய் ஊற்றியதால் கெட்டவைதான். எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசையாகிக் கோல்கள் பாதியில் நின்றுவிடும். அந்த இடத்தை வெள்ளைப் பெட்ரோலில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்து உலர விடுங்கள், அவ்வளவுதான். பிறகு ஒரு குண்டூசியை எடுத்துக்கொண்டு ண, ன, ள, ல ஆகிய எழுத்துகளின் சுழிகளைப் பாருங்கள். மையும் நூல்தூசியும் அடைத்துச் சுழி முழுவதும் கறுப்பாக விழும். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண இரண்டும் தாளில் ஒன்று போலத் தெரிந்தால், குற்றம் பொறியுடையதன்று, ஊசி போட்டு எடுக்காதவருடையது.

பயிலக ஆசிரியை எழுதியது:

தம்பி, நான் திருநெல்வேலிப் பக்கம் 31 ஆண்டுகள் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவள். உங்கள் கேள்விக்கு என் பதில் ஒன்றுதான்: பெண் எந்த முறையை வேண்டுமானாலும் கற்கட்டும், ஆனால் விரலை முதலில் இரும்புப் பொறியில் பழக்கட்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். கணினி விசைப்பலகையில் மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் திரையில் விழும் எழுத்து ஒன்றுதான். பொறியில் அப்படியன்று. எந்த விரலுக்கு வலு இல்லையோ அந்த விரலின் எழுத்து தாளில் வெளிறி விழும். மாணவர் எழுந்து போன பிறகு தாளை எடுத்துப் பார்த்தாலே போதும், எந்த விரல் சோம்பியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். தமிழில் இது இன்னும் கடுமை, ஏனென்றால் பழைய தட்டச்சு முறையில் புள்ளி வலக்கைச் சுண்டுவிரலில் இருக்கிறது. தமிழில் மிக அதிகமாக வரும் குறிகளில் ஒன்று, பத்து விரல்களில் வலு குறைந்த விரலுக்கு விழுந்திருக்கிறது. எங்கள் பயிலகத்தில் முதல் மாதத் தாள்கள் எல்லாவற்றிலும் மெய்யெழுத்துகள் தலையில்லாமல்தான் இருக்கும்.

ஆங்கிலத்தில் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று தொடங்குவது போலத் தமிழில் 'யளனகபக' என்று இடக்கையும் 'ட்மதாத' என்று வலக்கையும் தொடங்கும். பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் வழியில்கூட வாயில் 'யளனகபக ட்மதாத' என்று சொல்லிக்கொண்டே போவார்கள். ட மேல் ஏன் புள்ளி இருக்கிறது என்று முதல் நாள் எவரும் கேட்பதில்லை. உண்மையில் அங்கே புள்ளி தனியாக ஒரு தட்டு, ட தனியாக ஒரு தட்டு. புள்ளியைத் தட்டும்போது கேரேஜ் நகராது. நகராமல் அதே இடத்தில் நின்று காத்திருக்கும். அடுத்துத் தட்டும் ட வந்து அந்தப் புள்ளிக்குக் கீழே அமரும். ஆகவே, தம்பி, உங்கள் பொறியைச் சரிசெய்த பிறகும் புள்ளி விசைக்கு மட்டும் கேரேஜ் நகராமல் நின்றால் பழுது என்று எண்ணிக் கழற்றிவிடாதீர்கள்.

வேலை என்று பார்த்தாலும் இந்தக் கல்வி வீணாகாது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இளநிலை, முதுநிலைச் சான்றிதழ்களை இரு மொழியிலும் வைத்திருப்பவருக்கு, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதியில் தட்டச்சர் பணிக்கு வழி உண்டு. ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். இந்தச் சான்றிதழை நம்பி வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்களை நான் பெயர் சொல்லி எண்ண முடியும்.

ஒருங்குறி நேயன் எழுதியது:

ஆசிரியை அம்மாவின் அனுபவத்துக்கு முழு மரியாதையுடன் மாறுபடுகிறேன். சான்றிதழ் வேண்டும் என்றால் பழைய தட்டச்சைக் கற்கட்டும். மற்றபடி, இன்று புதிதாகத் தமிழில் எழுதத் தொடங்கும் ஒருவர் தமிழ் 99 தவிர வேறொன்றைக் கற்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

பழைய முறை ஏன் அப்படி அமைந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தமிழில் 247 எழுத்துகள். ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்ட பொறியில் ஏறத்தாழ 46 விசைகள். ஷிப்டையும் சேர்த்தால் தொண்ணூற்றுச் சொச்சம் வடிவங்கள்தாம் இடம் பெறும். எனவே எழுத்தை ஒலியாகப் பார்க்காமல் வடிவமாகப் பார்த்து, துண்டு துண்டாக நறுக்கி விசைகளில் வைத்தார்கள். கொம்பு ஒரு துண்டு, கால் ஒரு துண்டு, புள்ளி ஒரு துண்டு. 'கொ' அடிக்க வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு க விசையைத் தட்டினால் கு, ம விசையைத் தட்டினால் மு. இரும்புக்கு இது மிகச் சரியான தீர்வு. அன்று வேறு வழியும் இல்லை. ஆனால் கணினிக்குள் 'கொ' என்பது க என்ற எழுத்தும், அதைத் தொடரும் ஒகரக் குறியும்தான். நாம் சொல்லும் வரிசையும் அதுதான். இரும்பு போன பிறகும் விரல் இரும்புக்காக முன்னும் பின்னும் தாவிக்கொண்டிருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்ததுதான் தமிழ் 99. உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ஷிப்டே தேவைப்படாமல் தமிழ் எழுத்துகள் அனைத்தையும் எழுதிவிடலாம். புள்ளி இடக்கை ஆட்காட்டி விரலில் இருக்கிறது, அம்மா குறிப்பிட்ட சுண்டுவிரல் துன்பம் அங்கே இல்லை. அதைவிட முக்கியம், பாதி இடங்களில் புள்ளியைத் தட்டவே வேண்டியதில்லை. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். பழைய தட்டச்சில் இதற்கு ஐந்து தட்டு. 'தங்கம்' தமிழ் 99இல் ஐந்து, பழைய முறையில் ஆறு; ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற போன்ற இணைகளில் புள்ளி தானாக வந்துவிடும். இலக்கணத்தில் இன எழுத்து என்று பள்ளியில் படித்தோமே, அந்த விதியை விசைப்பலகைக்குள் வைத்திருக்கிறார்கள். தமிழ் படிக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எது?

பரண்வாசி எழுதியது:

உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று மகளும் நானும் தமிழ் 99ஐக் கணினியில் நிறுவி, அப்பா முடிக்காமல் விட்ட அந்தப் பக்கத்தைப் பார்த்து அடிக்க முயன்றோம். அது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். நான்காவது வரியில் 'சமபாகம்' என்ற சொல் வருகிறது. அவள் அடித்ததும் திரையில் 'சம்பாகம்' என்று வந்தது. அழித்து மீண்டும் அடித்தாலும் அப்படியே. சொத்து ஆவணத்தில் அப்பா இப்படி ஒரு பிழையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இதற்கு என்ன செய்வது?

ஒருங்குறி நேயன் எழுதியது:

நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். ம-வுக்குப் பின் ப வந்தால் இணை என்று கருதி அது புள்ளி வைத்துவிடுகிறது. ம தட்டியதும் அ விசையை ஒரு முறை தட்டிவிட்டுப் பிறகு ப தட்டுங்கள். 'சமபாகம்' சரியாக வரும். 'மமதை' எழுதும்போதும் இதே வழிதான். ம என்பது ம்-உம் அ-உம் சேர்ந்தது என்பதை விரல் அங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தகைய சொற்கள் குறைவு. ஆனால் அவை வரும் இடத்தைக் கண் கவனிக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தானாக நடக்கும் எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாத ஆவணங்களில் நீங்கள் தொடங்கியிருக்கிறீர்கள்.

வடமராட்சியான் எழுதியது:

தமிழ்த் தட்டச்சுப் பொறியைப் பற்றிப் பேசும் இடத்தில் ஆர். முத்தையாவின் பெயர் இதுவரை வராதது எனக்குக் குறையாகப் பட்டது. 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் தொழிலுக்காகச் சென்றவர். தமிழின் 247 எழுத்துகளை எப்படி அந்தச் சிறிய பொறிக்குள் அடக்குவது என்பதைத் தம் சொந்த உழைப்பில் ஆராய்ந்து, ஜெர்மனியில் பொறியைச் செய்வித்துக் கொண்டுவந்தார். தட்டினாலும் நகராத விசை என்னும் ஏற்பாட்டோடு சேர்த்தே அவரை எங்கள் ஊரில் நினைவுகூருவார்கள். ஒருங்குறி நேயன் 'துண்டு துண்டாக நறுக்கி' என்று எழுதியபோது, நறுக்குவதற்கு எவ்வளவு யோசனை வேண்டியிருந்திருக்கும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்று தோன்றியது. எந்தத் துண்டை நறுக்கினால் மற்றவை எல்லாம் அதனோடு பொருந்தும் என்பதைக் கண்டவர் எழுத்தின் உடம்பை அறிந்தவர்.

என் தலைமுறை ஈழத்தவர் பலருக்கு விரலில் இருப்பது பாமினி. அது பழைய தட்டச்சின் கணினிப் பிள்ளை. நடுவரிசை ஏறக்குறைய அதே 'யளனகப'தான். ஆனால் ஒரு வேறுபாடு: பொறியில் புள்ளி முன்னே, பாமினியில் பின்னே. பொறியில் பழகிய என் மாமா ஒருவர் கணினிக்கு வந்தபோது, புள்ளிகள் எல்லாம் ஓர் எழுத்து தள்ளி முந்திய எழுத்தின் தலையில் விழுந்து, ஒரு பக்கம் முழுவதும் வாசிக்க முடியாமற் போனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர் கை தவறவில்லை. நாற்பது வருடம் சரியாகச் செய்ததையே செய்தது.

பாமினியின் துன்பம் வேறு. அது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல், ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று கிடக்கும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த எங்கள் சங்கத்தின் மலர்கள், இரங்கல் குறிப்புகள், ஊர்க் கோயில் வரலாறு எல்லாம் அப்படித்தான் இருந்தன. எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யுனிகோடு) மாற்றும் வேலையை நானும் என் தங்கையும் இரண்டு குளிர்காலங்கள் இருந்து செய்தோம். மாற்றி கருவி பெரும்பாலும் சரியாகவே மாற்றும், ஆனால் தட்டியவர் கொம்பைத் தவறான இடத்தில் வைத்திருந்தால் பார்வைக்குச் சரியாக இருந்து உள்ளே பிழையாக இருக்கும். அவற்றை ஒவ்வொரு வரியாக வாசித்துத்தான் திருத்த முடிந்தது. ஆகவே பிள்ளைக்கு எந்த விசைப்பலகையையும் கற்பியுங்கள், கோப்பை மட்டும் ஒருங்குறியில் சேமிக்கச் சொல்லுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஒருங்குறி நேயன் எழுதியது:

வடமராட்சியார் சொன்னதை வழிமொழிகிறேன். ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதல் இடம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010இல் ஆணை பிறப்பித்து ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும், பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்தில் என் மனைவியின் விண்ணப்பத்தை ஒருங்குறியில் அனுப்பியபோது 'எங்களிடம் திறக்கவில்லை, பழைய எழுத்துருவில் அனுப்புங்கள்' என்று திருப்பிவிட்டார்கள். ஒரு வாரம் வீணாயிற்று. முத்தையாவைப் பற்றி நான் அவசரமாக எழுதிவிட்டேன். நறுக்கியவரின் திறமையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமாக இருக்கவில்லை.

விசை விரும்பி எழுதியது:

நான் சென்னையில் இயந்திர விசைப்பலகைகளைச் சேர்ப்பவன், வார இறுதிகளில் பற்றவைப்புக்கோலும் கையுமாக இருப்பவன். ஆசிரியை அம்மா விரலின் வலுவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் மேசையில் உள்ளவற்றை மீண்டும் ஒருமுறை தட்டிப் பார்த்தேன். செர்ரி நிறுவனத்தின் சிவப்பு விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். அதில் பாதி, அதாவது 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்து பதிவாகிவிடும். அதற்கு 45 கிராம் அளவு அழுத்தம் போதும். மடிக்கணினியில் இறங்கும் தொலைவு இதைவிடவும் குறைவு. எழுத்து எந்த நொடியில் பதிவாகிறது என்பதை விரல் உணர வேண்டும் என்பதற்காகத்தான் எங்களைப் போன்றவர்கள் நீல விசையின் 'க்ளிக்' ஒலிக்கும், பழைய ஐபிஎம் பலகைகளின் வளையும் சுருள்வில்லுக்கும் பணம் செலவழிக்கிறோம். பொறியில் அந்த உணர்வு காசு கொடுக்காமலே கிடைத்தது, மணி ஒலியோடு சேர்த்து.

உங்கள் விவாதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. என் பலகையின் உள்ளே ஓடும் நிரலை நாமே மாற்றி எழுத முடியும். வடமராட்சியார் சொன்ன அவர் மாமாவின் கதைக்காக ஒன்று செய்து பார்த்தேன்: புள்ளி விசையைத் தட்டினால் பலகை உடனே எதையும் அனுப்பாமல் காத்திருக்கும், அடுத்து ஒரு மெய் விசை வந்ததும், முதலில் அந்த மெய்யையும் அதன் பின் புள்ளியையும் கணினிக்கு அனுப்பும். பொறியில் பழகிய விரல் தன் வழியிலேயே போகலாம், கோப்பில் ஒருங்குறி வரிசை சரியாக இருக்கும். கொம்புக்கும் இதையே செய்தேன், ஒரு பிற்பகல் ஆயிற்று. புள்ளியைத் தட்டிவிட்டுத் திரையில் ஒன்றும் வராமல் ஒரு கணம் காத்திருக்கும்போது, நகராத கேரேஜ் எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு முதன்முதலாகப் புரிந்தது. பழைய முறையில் பழகிய பெரியவர்கள் எவருக்கேனும் வேண்டுமென்றால் நிரலை இங்கேயே பகிர்கிறேன்.

எண்ணெய்க்குப்பி எழுதியது:

விசை விரும்பி நிரலில் செய்ததைப் பொறியில் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். ஒவ்வொரு எழுத்துக்கோலும் தாளை நெருங்கும்போது அதன் அடிப்பகுதி, பின்னால் உள்ள ஒரு வளைந்த சட்டத்தைத் தள்ளும். அந்தச் சட்டம் தள்ளப்பட்டால்தான் பல்சக்கரத்தின் பிடி விலகி, கேரேஜ் ஓர் இடம் நகரும். புள்ளியின் கோலில் மட்டும், சட்டத்தைத் தொட வேண்டிய அந்தப் பகுதி சிறிது குறைவாக இருக்கும். கோல் மேலே போகும், தாளில் அடிக்கும், திரும்பி வரும், சட்டத்தைத் தொடாது. அவ்வளவுதான் மர்மம். எழுத்துக்கோல்களை வரிசையாக ஒதுக்கிப் பார்த்தால் எது நகராத விசை என்று கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பயிலக ஆசிரியை எழுதியது:

ஒருங்குறி நேயன் தம்பியின் கணக்கை நான் மறுக்கவில்லை. நான்கு தட்டில் முடிவதை ஐந்து தட்டில் செய்யச் சொல்லுவேனா? நான் ஓய்வு பெற்ற பிறகு தமிழ் 99ஐக் கற்றுக்கொண்டேன். இந்தப் பதிவை அதில்தான் அடிக்கிறேன். 58 வயதில் கற்க எனக்கு ஏழு வாரங்கள் ஆயின. பழைய முறை விரலில் ஏறிவிட்டால் மாற்ற முடியாது என்பதை நம்பாதீர்கள், தம்பி. புள்ளிக்காகச் சுண்டுவிரல் இரண்டு வாரம் தானாகத் துடித்தது உண்மை. பிறகு அடங்கிவிட்டது.

விரலுக்கு வலு, பத்து விரலையும் அதனதன் வேலைக்கு அனுப்பும் ஒழுங்கு, கண்ணைத் தாளிலேயே வைத்திருக்கும் பழக்கம் ஆகிய மூன்றையும் ஒருமுறை கற்றுவிட்டால் எந்த விசைப்பலகைக்கும் எடுத்துக்கொண்டு போகலாம். எங்கள் பயிலகத்தில் விசைகளின் மேல் ஒரு தகர மூடி வைத்திருப்போம். கை உள்ளே, கண் வெளியே. விசையைப் பார்த்துப் பார்த்து அடித்தவர் வேகம் ஓர் எல்லையோடு நின்றுவிடும், அவர் எந்த முறையில் அடித்தாலும் சரி. கைப்பேசியில் இரண்டு கட்டைவிரலால் எழுதுபவர்கள் இதை இழந்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. உங்கள் பெண் ஒரு மாதம் பொறியில் பழகட்டும், பிறகு தமிழ் 99க்குப் போகட்டும். பொறியில் அடிக்கும்போது ஒரே தாளை வைக்க வேண்டாம், பின்னால் இன்னொரு தாளும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பழைய ரப்பர் உருளை இறுகிப் போயிருக்கும். ஒற்றைத் தாளில் புள்ளி ஓட்டை போட்டுவிடும்.

பரண்வாசி எழுதியது:

நாடாதான் போயிருந்தது. எண்ணெய்க்குப்பி ஐயா சொன்னபடி வில்லை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, மகள் மறுமுனையில் முடிச்சுப் போட, மூன்றாவது முயற்சியில் கேரேஜ் தானே இழுபட்டு மணி அடித்தது. ரிப்பனுக்குத்தான் பயந்தேன், அரையங்குல ரிப்பன் தஞ்சாவூரில் ஒரு பயிலகத்துக்குப் பொருள் தருபவரிடம் சுலபமாகக் கிடைத்தது. சுழிகளை ஊசியால் எடுத்தோம். ண-வின் சுழியிலிருந்து வந்த கறுப்புத் துணுக்கு அரிசிக் குறுணை அளவு இருந்தது.

இரண்டு தாள்களை வைத்து அவள் உட்கார்ந்தாள். முதலில் புள்ளியைத் தட்டினாள். வெறும் தாளில் ஒரு சிறு புள்ளி மட்டும் மேலே தனியாக விழுந்தது, கேரேஜ் அசையவில்லை. "அப்பா, இது எதற்காகக் காத்திருக்கிறது?" என்றாள். ட தட்டச் சொன்னேன். புள்ளிக்கு நேர் கீழே ட வந்து நின்றது, கேரேஜ் நகர்ந்தது. அதன் பிறகு என்னைக் கேட்காமல் 'யளனகபக ட்மதாத' இருபது வரிகள் அடித்தாள். அப்பா முடிக்காமல் விட்ட பத்திரத்தை அவளே கணினியில் தமிழ் 99இல் அடித்து, ஒருங்குறியில் சேமித்திருக்கிறாள். 'சமபாகம்' சரியாக வந்திருக்கிறது. காலையில் பொறி, மாலையில் கணினி என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். இரண்டும் ஒன்றோடொன்று குழம்புமா என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அவள் அடித்த முதல் தாளைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன், அம்மா பார்த்துச் சொல்ல வேண்டும்.

பயிலக ஆசிரியை எழுதியது:

பார்த்தேன், தம்பி. இடக்கை நன்றாக இருக்கிறது. ய-கூட அழுத்தமாக விழுந்திருக்கிறது, முதல் நாளில் இது அரிது. ஒன்பதாம் வரியிலிருந்து புள்ளிகள் வெளிறுகின்றன, பதினாறுக்கு மேல் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இருபது வரிகள் ஒரே மூச்சில் வேண்டாம். எட்டு வரிகள் அடித்துவிட்டு எழுந்து கையை உதறிவிட்டு வரச் சொல்லுங்கள். மணிக்கட்டு மேசையில் படாமல் இருக்க வேண்டும். பட்டால் சுண்டுவிரலுக்கு வலு வராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைத் தாளையும் படமெடுத்துப் போடுங்கள், புள்ளிகளை மட்டும் பார்த்துச் சொல்கிறேன்.